சிங்கப்பூரிலிருந்து மூடிய கேட்

ஜூன் 9, 2025 – கடலூர்

நேற்று சிதம்பரம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். புது வீட்டுக்கு மோட்டார் வைத்த கேட், பக்கவாட்டில் ஓடுவது. கலைமணி மாமா சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே திறக்கிறார், மூடுகிறார். அக்கா போனிலும் அந்த ஆப் இருக்கிறது. அந்த ஆப்பில் நுழைய ஓடிபி வேண்டும். அது அவர் நம்பருக்குத்தான் போகும். கீரை வாங்கப் போவதற்கும் புருஷனைக் கூப்பிட்டுக் கெஞ்சணும்.

குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்த ஒரு சென்சார் இருந்தது. தெருமாடு வந்தாலும் கேட் பாதியில் நிற்கிறது, மாடு உள்ளே புகுந்து செம்பருத்தியை மேய்கிறது என்று மாமியார் ஞானாம்பாள் புலம்ப, மாமா ஆள் அனுப்பிக் கழற்றிவிட்டார். எங்கள் சிப்காட் கம்பெனியில் மெஷினில் இப்படிச் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழிப்பார்கள். வீடியோ காலில் சொன்னேன். "அப்போ மாட்ட வெரட்ட நீ வந்து நில்லு" என்று சிரித்தார்.

ஜூன் 13

அக்காவுக்குக் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. மாமா கூடாது என்றாராம். போகிறேன் என்கிறாள். போவாளா?

ஜூன் 16

போனாள். கேட் வரைக்கும்.

தண்ணி கேன்காரருக்காகத் திறந்த நேரத்தில் வெளியே வரப் பார்த்திருக்கிறாள். கேட் மூட ஆரம்பித்தது. வலது கையால் தடுத்தாள். கை தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டியது. "உள்ள போடி" என்று கேட் கேமராவிலிருந்து மாமாவின் குரல். அலறினாள். மோட்டார் திணறி நின்றது. திரும்ப அமுக்கினான். இன்னும் இறுக்கியது.

ஆமாம், 'அமுக்கினான்'. இனி அவனுக்கு மரியாதை கிடையாது.

எதிர்வீட்டு ஜெயராணி அக்கா ஓடிவந்து மெயினை அணைத்தார். கரண்ட் இல்லாதபோது கேட்டைக் கையால் தள்ள ஒரு சாவி உண்டு. அது சிங்கப்பூரில், அவன் சாவிக்கொத்தில். கடப்பாரை போட்டு நெம்பித்தான் கையை எடுத்தார்கள். முன்கை எலும்பு இரண்டும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ஜூன் 17

அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிறார்: "மாப்பிள்ள பாக்காம அமுக்கிட்டாராம், மதி."

பார்க்காதவன் "உள்ள போடி" என்று யாரைச் சொன்னான்? மாட்டையா?

ஜூன் 19

சிதம்பரம் போனேன். அந்தக் கடப்பாரை ஜெயராணி அக்கா வாசலில் கிடந்தது. மோட்டாரை அடித்தேன். பல்சக்கரம் தெறித்து ரோட்டில் ஓடும்வரை அடித்தேன். ஞானாம்பாள் துடைப்பக்கட்டையால் என் வாயில் அடித்தாள். பிடித்துத் தள்ளினேன், விழுந்தாள். கேமராவிலிருந்து அவன் கத்திக்கொண்டே இருந்தான். அதையும் உடைத்தேன். பஸ் ஏறினதும் திரும்ப இறங்கப் பார்த்தேன். பயமா? இல்ல. பத்தலயேன்னு.

ஜூன் 20

ஸ்டேஷனில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கேட்டை உடைத்தது, வயசானவளைத் தள்ளியது – என் மேல் புகார். தள்ளினேன்தான், மறுக்கல. அக்கா கைக்கு என்ன பதில் என்றேன். "அது புருஷன் பொண்டாட்டி விஷயம்மா, பேசித் தீத்துக்குங்க."

இரும்புக்கு வலித்தால் உடனே விசாரணை.

ஜூன் 23

அவன் வீட்டார் பேசித் தீர்க்க வந்தார்கள். அக்கா திரும்பிப் போனால் புகாரை வாபஸ் வாங்குவார்களாம். புது மோட்டார் மாட்டியாச்சாம். கேஸ் ஆனால் என் வேலை போய்விடும். அப்பா கட்டில் பக்கத்தில் நின்று, "தங்கச்சி வாழ்க்கையப் பாரும்மா" என்றார். ஒரு பொண்ணைக் கொடுத்து இன்னொரு பொண்ணை மீட்கிறார். போகாதேன்னு கத்தினேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போயிடுவா. எனக்காகப் போயிடுவா.

ஜூன் 25

ஒற்றைக் கையால் துணி மடிக்கிறாள்.

ஜூன் 26

டிஸ்சார்ஜ். அப்பா சிதம்பரத்துக்குக் கார் சொல்லியிருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்து, "மகளிர் ஸ்டேஷனுக்கு விடுங்கண்ணா" என்றாள். மதி மேல் கேஸ் இருக்கே என்று அப்பா பதறினார்.

"அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குச் சம்மதந்தானே?"

தலையாட்டினேன்.

புகாரை ரைட்டர் எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். இடது கையில் பிடித்துப் பார்த்தாள், நழுவியது. மை டப்பாவைத் தானே இழுத்து, கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ரைட்டர் ரேகைக்குப் பக்கத்தில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று எழுத ஆரம்பித்தார்.

"அத அடிங்க சார்," என்றாள் அக்கா. "எம்.எஸ்சி.ன்னு போடுங்க. கை எதனால ஒடஞ்சதுன்னும் பக்கத்துலயே எழுதுங்க."