முதல் இரண்டு ரேஸில் பின்தங்கியவன்

3.8.98 திங்கள்

ஆடிக் காற்று. கடைக் கூரைத் தகரம் காலையிலிருந்து படபட. ஆணி அடிக்க வேண்டும். நேற்று முழுக்க டிராக்கில் நின்றதில் கழுத்து கருகிவிட்டது. தேங்காய் எண்ணெய்.

செய்ய வேண்டியவை: டீச்சர் ஸ்கூட்டர், கிளட்ச் வயர். தபால்காரர் மொபெட், செயின். ரேஸ் வண்டி இரண்டையும் கழுவணும்.

இந்த வருஷம் மொத்தம் ஐந்து ரேஸ். நேற்றோடு இரண்டு முடிந்தது. நான் தயார் செய்கிற பைக் இரண்டு. ஒன்றில் டேவிட், இன்னொன்றில் என் மச்சான் சேகர், மனைவி மல்லிகாவின் தம்பி. டேவிட் முதல் ரேஸில் ஜெயித்தான், நேற்று இரண்டாவது. சேகர் இரண்டு தடவையும் ஒரே கதை. ஆரம்பத்தில் எல்லாரையும் விட்டுவிட்டுப் பறந்தான், பாதியில் தொய்ந்து கடைசிக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை பிராக்டிஸில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஞாயிறு ரேஸ் என்றால் படுத்துக்கொள்கிறான். பெட்ரோல் இறங்கவில்லை என்றான். டாங்க் மூடியைத் திறந்து பார்த்தோம். நிறைய இருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட். பயம்தான், வேறு என்ன.

சாயங்காலம் முதலாளி வந்தார். கூடுவாஞ்சேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், இரண்டு வண்டியும் அவருடையது. ரேஸுக்கென்றே செய்த புது சிலிண்டர் பிஸ்டன் கிட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று. இன்னொன்று இந்த சீசனுக்குள் வராது.

"யாருக்குப் போடறது? மச்சானாச்சேன்னு பாக்காம சொல்லு."

"டேவிட்டுக்குப் போடுங்க மொதலாளி. மொத ரெண்டு ரேஸ்லயே தெரிஞ்சிபோச்சி, யாரு சாம்பியன்னு. விளையும் பயிர் முளையிலயே தெரியும்."

"சொந்தம் பாக்காம சொன்ன பாரு. அதுக்குத்தான் ஒன் கைல வண்டிய குடுத்துவெச்சிருக்கேன்."

உச்சி குளிர்ந்துவிட்டது. டீ நானே வாங்கிக் கொடுத்தேன்.

5.8 புதன்

தபால்காரர் மொபெட் முடிந்தது. காற்று குறையவில்லை.

டேவிட் வண்டிக்குக் கிட்டு மாட்டியாயிற்று. சத்தமே வேறு.

சேகர் கல்பாக்கத்திலிருந்து டூட்டி முடிந்து நேரே வந்தான். அங்கே காண்ட்ராக்டில் ஃபிட்டர். வருஷக் கடைசியில் அந்த வேலையும் போய்விடும். இந்தக் கோப்பை வாங்குகிறவனைச் சம்பளத்தோடு தங்கள் டீமுக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறது. அதை நம்பித்தான் பையன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தெரிந்துதான் சொன்னேன், கிட்டு உனக்கில்லை என்று.

"சரி மாமா."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் டிபன் கேரியரோடு மல்லிகா வந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வண்டி மேல பழி போடாதடா. கூட்டத்துல ஓட்ட பயந்து ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கைய உட்டுட்டேன்னு ஒத்துக்கோ" என்றேன். டீக்கடை ஆட்கள் நாலு பேர் காதில் விழுந்திருக்கும். டேவிட்டும் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டது டேவிட்தான்.

ராத்திரி சாப்பாடு. மல்லிகா குழம்பை ஊற்றிவிட்டு, "முளையிலயே தெரிஞ்சிடுச்சாமே ஒங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பளம் எனக்கு வரவில்லை.

7.8 வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயில் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல். கருவாடு வேறு யாரோ கொண்டுவந்தார்கள்.

கடையில் பூஜை. மல்லிகா என்னிடம்தான் பேசவில்லை, சாமிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. விடியற்காலையிலேயே கல்லில் சந்தனம் அரைத்துக் கிண்ணம் நிறையக் கொடுத்தாள். கம்ப்ரஸர், ஸ்பானர் பெட்டி, கல்லா, எல்லாவற்றுக்கும் பொட்டு. டேவிட் எப்போதும்போல, "அண்ணாத்த, டாங்க்ல ஸ்டிக்கர் கீது, வீல்ல வெச்சிக்கோங்க" என்றான். சேகர் வண்டிக்கு எப்போதும் வைக்கிற இடம், டாங்க் மூடி. ஓட்டுகிறவன் டாங்க் மேல் படுத்துத்தானே போகிறான், கண்ணெதிரே சாமி இருக்கட்டும் என்று நான் ஆரம்பித்த பழக்கம். ரேஸ் அன்று காலையிலும் இதே. தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

9.8 ஞாயிறு

என்னத்தை எழுத.

விடிந்தும் விடியாததுமாக சேகர் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பழைய எஞ்சின்தான், அதிலாவது கோளாறு இல்லாமல் கொடுப்போம் என்று. திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் ரோடு. ஈ காக்கை இல்லை. நன்றாக முறுக்கினேன். பறந்தது. கொஞ்ச தூரம் போனதும் இருமல். அப்புறம் இழுக்கவில்லை. சவுக்குத் தோப்பு ஓரம் நின்றே போனது.

மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் நிறைய. உதைத்தேன், ஸ்டார்ட்.

மூடினேன். ஓட்டினேன். மறுபடி இருமல். மறுபடி திறந்தேன். உஸ்ஸ்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூடிக்கு நடுவே ஊசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போகும். அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. இதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதன்மேல் என் பெருவிரல் ரேகையோடு சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது.

பின்னூசியால் குத்தி எடுத்தேன். மாமல்லபுரம் வரை போனேன். ஒரு இருமல் இல்லை.

சனிக்கிழமை பிராக்டிஸ், பூஜை கிடையாது. ஞாயிறு ரேஸ், பூஜை உண்டு.

கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுண்டல் விற்கிறவர், "உடம்பு முடியலியா நைனா?" என்றார்.

10.8 திங்கள்

கடை திறக்க மனசில்லை. திறந்தேன்.

நான் சேகரைச் சொன்னவை: தம் இல்லை. பயந்தாங்கொள்ளி. பிராக்டிஸ் புலி. கையை விட்டுட்டான். வண்டி மேல பழி போடாதே. இதில் ஒன்றுகூடத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதில்லை.

சாமி மேல் பழி போட முடியாது. துளை எங்கே இருக்கிறது என்று சாமிக்கா தெரிய வேண்டும், மெக்கானிக்குக்கா.

சொந்தம் பார்க்காதவன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை. சேகர் இடத்தில் வேறு ஒருவன் இருந்து தொய்ந்திருந்தால் வண்டியைப் பிரித்துப் போட்டுத் தேடியிருப்பேன். மச்சான் என்பதால் தேடவில்லை. வெட்கமாக இருக்கிறது. பழைய டயரைப் பார்த்தால்கூட வெட்கமாக இருக்கிறது.

12.8 புதன்

சொல்லிவிடுவது என்று கல்பாக்கம் பஸ் ஏறினேன். டூட்டி விடுகிற நேரம், கேட் வாசல் முழுக்க சைக்கிள். சேகர் என்னைப் பார்த்ததும், "இன்னா மாமா, அக்காவுக்கு ஏதாச்சும்...?" என்று ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்லடா. இந்தப் பக்கம் ஒரு வண்டி பாக்க வந்தேன்."

டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தான். டேவிட் வண்டி புதுக் கிட்டோடு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா கீது என்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கூரைக்கு ஆணி அடித்தேன்.

23.8 ஞாயிறு

மூன்றாவது ரேஸ். வெயில், காற்று இல்லை.

காலையில் பூஜை. சேகர் வண்டியில் சந்தனத்தைச் சக்கரத்தில் வைத்தேன். அவன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

டேவிட் முதல். சேகர் இரண்டாவது. பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு கடைசிச் சுற்றுவரை டேவிட் பின்சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். வளைவில் பிடிக்கிறான், நேர் ரோட்டில் டேவிட் விலகிவிடுகிறான். நேர் ரோட்டில் விலக்கியது அந்தக் கிட்டு.

முதலாளி என் தோளில் கை போட்டு எல்லாரிடமும் சொல்கிறார்: "ரெண்டு ரேஸ் முடிஞ்சப்பவே சொல்லிட்டாம்பா, டேவிட்டுதான்னு. இவன் வாய்ல சக்கரைதான் போடணும்." பக்கத்து டீம்காரர் ஒருவர் வந்து, "அண்ணாத்த, நம்ம பசங்களையும் பாத்து சொல்லேன், எவன் தேறுவான்?" என்றார். சிரித்துவைத்தேன். என் பல்லைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

24.8 திங்கள்

சேகர் வந்தான். மல்லிகா மார்க்கெட் போயிருந்தாள். அவனே ஆரம்பித்தான்.

"துளைய பாத்துட்டீங்க போல மாமா. வீல்ல வெச்சீங்களே, அப்பவே தெரிஞ்சிச்சி."

"ஒனக்கு... எப்போடா தெரியும்?"

"ரெண்டாவது ரேஸ் முடிஞ்சி வண்டிய வேன்ல ஏத்தும்போதே பாத்தேன். பின்னு போட்டு எடுத்தேன்."

"கிட்டு கைய உட்டுப் போவுது, ஏண்டா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அக்கா நின்னுகினு இருந்துச்சி. அது அரைச்ச சந்தனம் மாமா. எனக்காக விரதம் வேற. அதாலதான் நான் பின்னால போனேன்னு தெரிஞ்சா அழுதே தீத்துடும். வுடுங்க."

நான் ஸ்பானரைத் துணியில் துடைத்தேன். மன்னிச்சிடுடா என்று சொல்ல வேண்டியது. வரவில்லை. "சாப்டியா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அக்காகிட்ட மட்டும் வாணாம்" என்றான்.

அவன் அக்காவுக்காக வாயை மூடினான். நான் எனக்காக மூடினேன்.

25.8 செவ்வாய்

கூடுவாஞ்சேரி போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடையில் ஆள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். சந்தனம் அரைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

முதலாளி கணக்கு நோட்டை மூடினார். "நீயே ஒருத்தன் வண்டிக்கு மூச்ச அடைச்சிட்ட. நீயே இன்னொருத்தனுக்குக் கிட்ட மாட்டிவுட்ட. அப்பறம் நீ சொன்னவன் வராம வேற எவன்யா வருவான்?"

"கிட்ட இப்போ மாத்திப் போட்டா..."

"டேவிட்டு இன்னா பாவம் பண்ணான்?"

நியாயம். இனி இரண்டு ரேஸிலும் சேகர் ஜெயித்தாலும், டேவிட் எதிலாவது விழுந்தால்தான் கோப்பை. இன்னொருத்தன் விழட்டும் என்று சாமி கும்பிடவா முடியும்.

13.9 ஞாயிறு

நாலாவது ரேஸ். விடியற்காலை மழை, இப்போது விட்டுவிட்டது. டிராக் காய்ந்துவிடும் என்கிறார்கள்.

எடுத்துக்கொண்டது: பிளக் இரண்டு செட். செயின். பழைய துணி. பின்னூசி.

சேகர் வந்துவிட்டான். வண்டிகளை வேனில் ஏற்றியாயிற்று. கிளம்புகிற நேரம் மல்லிகா கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கை சிவந்திருந்தது. ஒரு மாசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள்.

"போன தபா வீல்ல வெச்சீங்களாமே, டேவிட்டு சொன்னான். அதான் நூலிழைல போச்சி. எப்பவும்போல மூடிமேல வைங்க. நல்லா தடிமனா வைங்க."

சேகர் வேனுக்குள்ளிருந்து, "வெப்பாருக்கா, குடு" என்றான்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். "நான் கண்ணால பாக்கணும், இங்கயே வைங்க" என்று அவளும் வேனில் ஏறி நின்றாள். பின்னூசி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, கிண்ணத்தில் விரலை விட்டேன்.