மொட்டைத் தோப்பு

கோத்தகிரி,
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் தமிழ்நிலாவும் பிள்ளைகளும் நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் நலமா? போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், தமிழ்நிலா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தோப்புப் படத்தை அத்தான் அனுப்பியிருந்தார். ஒரு மரத்தில்கூடக் காய் இல்லை. புயல் செய்ய வேண்டிய வேலையை நீயே செய்து முடித்துவிட்டாய். அந்தப் புயலோ பேராவூரணிப் பக்கமே வராமல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. பிஞ்சுக் குரும்பையைக்கூட விட்டுவைக்காமல் வெட்டச் சொல்லி யார் சொன்னார்கள்? இனி ஒரு வருஷத்துக்குக் காய்ப்பு கிடையாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? தோப்பில் பாதி என்னுடையது.

யோசித்துத்தான் எழுதுகிறேன். நடு வரப்புக்குத் தெற்கே என் பங்கு. அதைப் பிரித்துக் கொடுத்துவிடு. பட்டுக்கோட்டையில் ஒருவர் வாங்கக் கேட்கிறார். பொங்கலுக்கு வரும்போது பத்திரத்தை முடித்துவிடலாம்.

உன் தம்பி,
செழியன்

*

பேராவூரணி,
கார்த்திகை 13

அன்புத் தம்பி செழியனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. வாத்தியார் என்பதைக் காட்டிவிட்டாய், திட்டுவதைக்கூடக் கோடு போட்ட தாளில் திட்டியிருக்கிறாய்.

ஆமாம், நான்தான் வெட்டச் சொன்னேன், தோப்பு முழுக்க. குருத்தையும் அதைச் சுற்றி நாலு மட்டையையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போனது. தலை கனத்தால் தென்னை காற்றில் சாயும், இலேசானால் நிற்கும். முற்றின காயையும் அடி மட்டையையும் வெட்டச் சொல்லி ரேடியோவிலும் சொன்னார்கள். நான் அதற்கு மேலே கொஞ்சம் போனேன், அவ்வளவுதான். கஜா புயலை நீ டிவியில் பார்த்தாய். நான் இங்கே இருந்தேன். விடிந்து பார்த்தபோது ஒரு மரம் நிற்கவில்லை தம்பி. அப்பா ஊரார் தோப்பில் கூலிக்கு மரம் ஏறி வாங்கிய தோப்பு அது. இப்போது நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு நான் வைத்த கன்று. இன்னொரு தரம் அவை படுத்துக் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

வைரக்கண்ணுதான் மரம் ஏறினார். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டே, "நெசமாத்தான் சொல்றீங்களா? வெட்டுனா ஒட்ட முடியாதுங்க" என்றார். "வெட்டுங்க" என்றேன். புயல் வராமல் போன மறுநாள் உன் அத்தானே, "என்னடி இது, பழனிக்குப் போயிட்டு வந்த கூட்டமாட்டம் நிக்குது" என்று சிரிக்கிறார். பக்கத்துத் தோப்பு பிரகதாம்பாள் தினம் ஒரு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்று குடிக்கிறாள். சிரிக்கட்டும். அடுத்த புயலுக்கும் மொட்டைதான். அதற்கு அடுத்ததற்கும் மொட்டைதான்.

பங்கு பிரிக்க மாட்டேன். பட்டுக்கோட்டைக்காரரிடம் சொல்லிவிடு.

நீ கேட்டுவிட்டாய், இப்போது நான் கேட்கிறேன். மலையை வெட்டி வீடு கட்டியிருக்கிறாய். அடுப்படிக்குப் பின்னால் மண் செங்குத்தாக நிற்கிறது. புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோது பின்கதவு சாத்த வரவில்லை. மழைக்குக் கதவு ஊதிவிட்டது என்றாய். பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததால் நானும் நம்பிவிட்டேன். இப்போது தமிழ்நிலா சொல்கிறாள், அது இரும்புக் கதவாம். இரும்பு எந்த ஊரில் ஊதுகிறது? நகருவது சுவராக இருந்தால் என்ன செய்வாய்? மழை விடாமல் பிடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு. துணி, மாத்திரை, டார்ச் எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலோரம் வைத்துக்கொள்.

அன்பும் கோபமுமாக,
அக்கா சுடர்விழி

*

கோத்தகிரி,
டிசம்பர் 4

அக்காவுக்கு,

எஞ்சினியர் பார்த்துக் கட்டிய வீடு. மலையைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். பொங்கலுக்கு வருகிறேன். பத்திரத்தை எடுத்து வை.

செழியன்

*

கோத்தகிரி,
டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் இங்கே விடாத மழை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பின்கதவு திறக்கவே வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. உன் கேள்விதான் ஞாபகம் வந்தது. தமிழ்நிலா ஏற்கெனவே ஒரு பை கட்டி வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். வழியில் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டோம், யாரும் வரவில்லை. "சாருக்கு இன்னைக்கு ஸ்கூல்லயே டியூட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

காலையில் வந்து பார்த்தால் வீடு அப்படியே இருக்கிறது. மண்ணும் அப்படியே நிற்கிறது. ஒன்றும் நடக்கவில்லை அக்கா.

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு கல்லாவது விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். என் வீட்டின் மேலேயே. அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டேன். தோப்பு முழுக்க வெட்டிப் போட்டுவிட்டு வராத புயலுக்காக அத்தனை பேர் நடுவில் நின்றிருக்கிறாய். அப்போது உன் பக்கம் நிற்க வேண்டியவன் பங்கு கேட்டு எழுதினேன்.

வியாழக்கிழமை எஞ்சினியரின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். சுவர் நகர்ந்திருப்பது உண்மைதான் என்கிறார்கள். மண்ணுக்குத் தடுப்பு கட்டும்வரை பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கப் போகிறோம். சிரிக்கிறவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பட்டுக்கோட்டைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு இன்னும் கோபம் இருந்தால் அதையும் எழுது.

உன் தம்பி,
செழியன்

*

பேராவூரணி,
மார்கழி 3

என் அன்புத் தம்பிக்கு,

கோபம் இருக்கிறது. பொங்கலுக்கு வா, நேரில் திட்டுகிறேன். குரும்பையை விட்டிருக்கலாம் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அதைப் பிரகதாம்பாளிடம் சொல்லிவிடாதே.

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தை உன் அத்தானை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டு அழுதேன். அதைவிட நல்ல சேதி எந்தக் கடிதத்தில் வரும்? ஊர் சிரிப்பதற்கு இதுவரை நான் ஒருத்திதான் கிடைத்தேன். இனி நீயும் இருக்கிறாய். அடுத்த மழைக்கும் நீ பையைத் தூக்கு, அடுத்த புயலுக்கும் நான் அரிவாளை எடுக்கிறேன். எல்லா மரத்திலும் புது மட்டை ஒன்று விரிந்திருக்கிறது.

மழைத் தண்ணீர் தோப்பில் உன் பக்கம் தேங்கி நின்றது. நின்றால் வேர் அழுகும், காற்றடித்தால் மரம் சாயும். வடிய வழி வேண்டியிருந்தது, அதனால் நடு வரப்பை நானே மண்வெட்டி எடுத்து வெட்டிவிட்டேன். இனி உன் பங்கு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உன் அக்கா,
சுடர்விழி