இலை உதிர்ந்ததும் விற்கலாம்

1931 பிப்ரவரி 2, திங்கள்

நல்ல வெயில். பத்து நாளாக மழை இல்லை. கடைவாய்ப் பல்லில் வலி, கிராம்பு. சுங்கை பூலோ வண்டி கார்டிடம் விசாரித்தேன். ரப்பர் இலை பழுத்துவிட்டதாம், ஒரு வாரத்தில் கொட்டும். சந்தோஷம்.

என் கணக்கு, தைரியத்துக்காக மறுபடியும்: டிசம்பர் மழையில் பங்கு மலிவு, வாங்கு. பிப்., மார்ச்சில் இலை உதிரும், பால் குறையும், ரப்பர் விலை ஏறும், விற்றுவிடு. துளிர் விட்ட பிறகும் வைத்திருப்பவன் மடையன்.

இரண்டு தடவை பலித்தது. இந்தத் தடவை தலைக்கனம். மைத்துனன் ரத்தினத்தின் சேமிப்பு முழுவதையும் சேர்த்துப் போட்டேன். அவன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருக்கும் சுங்கை பூலோ ரப்பர் தோட்டத்துக் கம்பெனியின் பங்குதான். "உன் தோட்டம், உன் பங்கு" என்று சொன்னதும் நானே.

பிப். 11, புதன்

எங்கள் ரயில்வே குட்ஸ் ஷெட்டுக்கு ரப்பர் பெட்டி வரத்து பாதி. சு.பூ.விலிருந்து ஒரே வாகன். பால் குறைந்துவிட்டது! மத்தியானம் சாப்பிடாமல் தரகர் ஆபீசுக்கு ஓட்டம். அங்குள்ள தமிழ்க் குமாஸ்தா, "இன்னிக்கே வித்துடுங்க லா கிராணி, எறங்கிக்கிட்டே போவுது" என்றார். சிரிப்புதான் வந்தது. ஷெட்டில் பெட்டி எண்ணிக் கணக்கெழுதும் கிராணி நான், அவரா? பத்து நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்க: மண்ணெண்ணெய், கமலத்துக்குத் தலைவலித் தைலம், குடைக்குக் கம்பி.

பிப். 20, வெள்ளி

பெட்டி இன்னும் குறைவு. விலையும் குறைவு. இது எப்படி?

சாயங்காலம் பிளாட்பாரத்தில் சு.பூ. தோட்டத்து ஆட்கள், பெண்டு பிள்ளையோடு, தகரப் பெட்டியும் பாயுமாக. ஒருவர் இன்னொருவரிடம்: "எல கொட்டுறதுக்கு முன்னாடியே பால் வெட்டுறத நிறுத்திட்டாங்கண்ணே. வெட்டுனா நஷ்டம்னு தொர சொல்றாரு."

கேட்டதும் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மரத்தில் பால் இருக்கிறது. விலை இல்லாததால் வெட்டவில்லை. பெட்டி குறையக் குறைய நான் பூரித்துப் போயிருக்கிறேன்.

பிப். 23, திங்கள்

தரகர் ஆபீஸ். குமாஸ்தா இன்று என்ன விலை என்றுகூடச் சொல்லவில்லை. "வாங்க ஆளில்ல, கிராணி." அவ்வளவுதான்.

கமலத்திடம் சொல்லவில்லை. அவள் தம்பி பணம். பயமாக இருக்கிறது, அதைவிட வெட்கம். பல் வலி போய்விட்டது, அது ஒன்றுதான் லாபம்.

பிப். 28, சனி

ரத்தினம் வந்துவிட்டான், டிரங்குப் பெட்டியோடு. தோட்டத்து ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்களாம்.

சாப்பிடும்போது: "திங்கக்கெழமைக்குள்ள பேர் குடுத்தா ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்டு சும்மா, அத்தான். பங்க வித்துட்டீங்கன்னா அந்தக் காசோட போயி மருந்துக்கட வச்சிடுவேன். வித்தாச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏறும்னுதானே வச்சிருக்கீங்க. நீங்க சொல்லுங்க, இருக்கட்டுமா போகட்டுமா?"

கமலம் ரசக் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாமா? போகிறேன் என்றால் பணத்தை இப்போதே கேட்பான். இருந்தால் கேட்கமாட்டான்.

"இரு" என்றேன்.

இன்னொரு கை சோறு போடச் சொன்னான். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

பேர் கொடுக்கும் கெடு நேற்றோடு சரி. ரத்தினம் கொடுக்கவில்லை. கோழிக்கூண்டைச் சரி செய்து கொடுத்தான். இரண்டு நாளாக வேலை முடிந்தும் ஷெட்டிலேயே நேரத்தைக் கடத்துகிறேன்.

மார்ச் 5, வியாழன்

மூடுபனி. காலை ஏழு மணிக்குத் துறைமுக ரயில், ஊர் திரும்புகிறவர்களுக்கு. கூட்டம் அதிகம் என்று என்னையும் பாஸ் பார்க்க நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து ஆட்களை வழியனுப்ப ரத்தினமும் வந்தான். மூட்டை ஏற்றிக் கொடுத்தான், குழந்தைகளைத் தூக்கி உள்ளே விட்டான்.

வரிசையில் ஒருவர்: "டிரெஸ்ஸரய்யா, நீங்க வரலியா?"

"எங்க அத்தானுக்கு மார்க்கெட்டு அத்துப்படி. ரப்பர் ஏறும்னு இருக்கச் சொல்லிட்டாரு."

அந்த ஆள் நீட்டிய பாஸைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்னால் மனைவி, மூன்று பிள்ளைகள். "அப்படியா கிராணி? தோட்டம் திரும்பத் தொறந்துடுமா? நாங்களும் இருந்துடலாமா?"

பாஸைப் பிடுங்கி, ஓரத்தைக் கிழித்து அவர் கையில் திணித்தேன். "ஏறுங்க. ஒண்ணும் ஏறாது, நீங்க ஏறுங்க, சீக்கிரம்!" கத்திவிட்டேன்.

ரத்தினம் கையில் யாருடைய குழந்தையோ. அதை இறக்கிவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.