பின் சீட்டின் இடப்பக்க பெல்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பாப்பாவுக்கே ஒரு பாப்பா பிறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் இப்படியா கூப்பிடுவது என்று உன் அம்மா கேட்கிறாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நாங்கள் இருவரும் சுகம். குட்டிக்குச் சளி விட்டதா? மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் "நல்லா இருக்கியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு, சில விஷயங்களை எதிர்முனையில் நீ மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே சொல்ல என்னால் முடியாது.

விஷயம் நம் கார். போன மாதம் நீ அம்மாவிடம், "பின்னாடி இடப்பக்க பெல்ட் வேலை செய்யுதான்னு அப்பாகிட்ட கேளு. குழந்தை சீட்டை அதுலதான் மாட்டணும். மடியில வெச்சுக்கிட்டு வரமாட்டேன்" என்று சொன்னாயாம். அம்மா அதை ஒரு வார்த்தை மாற்றாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பின் சீட்டு உறையைக் கழற்றினேன். நான் தைத்த உறை. இத்தனை வருடத்தில் ஒரு தையல் விடவில்லை. அடியில் பெல்ட் மடங்கிக் கிடந்தது. இழுத்தால் ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவனுக்கு இது ஒரு வேலையா? நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மெஷினையே கார் கதவோரம் இழுத்து வைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்து, நைலான் நூலில் ஐந்து வரிசை ஓட்டினேன். மூன்று ஊசி உடைந்தது. தையல் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது.

பெருமையாக வண்டியை உதிரி பாகக் கடைக்கு ஓட்டிப்போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் அருமையா இருக்கு சார். ஆனா நீங்க தைச்ச பேன்ட் பிரிஞ்சா போட்டிருக்கவர் வீட்டுக்கு ஓடிடலாம். வண்டி மோதும்போது இது பிரிஞ்சா அவர் எங்க ஓடுவார்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. புது பெல்ட் ஒன்று கேட்டேன். எந்த வருடத்து வண்டி என்றார். ஊரில் உள்ளவர் கழுத்தையெல்லாம் தனித்தனியாக அளந்து சட்டை தைத்த நான், "எல்லா காருக்கும் ஒரே அளவுதானே, குடுங்க" என்றேன்.

பழைய பெல்ட்டைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. போல்ட்டின் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு பள்ளம். நம் வீட்டில் இருக்கும் எதுவும் அதில் உட்காரவில்லை. கடைசியில் தெருமுனை மெக்கானிக்கிடம் போய் அதற்கான கருவியை இரவல் வாங்கினேன். கருவியோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். பக்கவாட்டு மூடியை எடுத்தபோது பிளாஸ்டிக் கிளிப் ஒன்று பறந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை.

புது பெல்ட் சுருண்டிருக்கும் சுருள்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ட்டை இழுத்தேன். அசையவே இல்லை. கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் அமைதியாக அதை வாங்கி நிமிர்த்திப் பிடித்து இழுத்தார். ரிப்பன் மாதிரி வந்தது. கொஞ்சம் சாய்த்தார், கப்பென்று நின்றது. "வண்டி சாய்ஞ்சா ஆளைப் பிடிச்சுக்கணும்ல சார், அதுக்குத்தான்" என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அது எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து ஒருவழியாக மாட்டி முடித்தேன். பழைய பக்கிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் மாற்றவில்லை. நானே பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். புது பெல்ட்டின் இரும்பு நாக்கு பழைய பக்கிளுக்குள் 'டக்'கென்று போனது. என்ன சந்தோஷம் தெரியுமா? பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினேன். வரவேயில்லை.

சுருள்பெட்டியையும் நான் சரியாக முடுக்கவில்லை, பெல்ட்டை இழுத்ததில் அது சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு தடவை நெளியும்போதும் அது பெல்ட்டை உள்ளே இழுத்துக்கொண்டதே தவிர வெளியே விடவில்லை. கால்மணி நேரத்தில் மலைப்பாம்பு பிடித்த ஆடு மாதிரி ஆகிவிட்டேன். போன் முன் சீட்டில். கருவி வெளியே தரையில். அம்மாவைக் கூப்பிட்டேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கூரியர்காரர் ஒரு பார்சலோடு வந்தார். ஜன்னல் வழியாகவே கையெழுத்துப் போட்டேன். "யாருக்காவது காத்துக்கிட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்றேன். அவர் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து உன் அம்மா வந்தாள். நிலைமையைச் சொன்னேன். அவிழ்த்துவிடுவாள் என்று பார்த்தால், நிதானமாக முன் கதவைத் திறந்து உட்கார்ந்து என் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவீங்க. இன்னைக்கு எங்க போறீங்கன்னு பார்க்கிறேன்" என்றாள்.

பிறகு ஆரம்பித்தாள் பார். சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது. அவள் அக்கா வந்திருந்தபோது நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் பழைய பேப்பர். ஊருக்கெல்லாம் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்தவன், அவளுடைய துணியை மட்டும் மூன்று வருடமாக வெட்டியபடியே போட்டு வைத்திருக்கிறேன். நான் தலையைத் தலையை ஆட்டினேன். அசைக்க முடிந்தது தலை மட்டும்தான்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கறேன். பாப்பாவுக்கு நெத்தியில அடிபட்டுதே, அன்னைக்கு இந்த பெல்ட் வேலை செஞ்சுதா?"

பாப்பா, அப்போது உனக்கு எட்டு வயது. நாய் ஒன்று குறுக்கே ஓடியது, நான் பிரேக் போட்டேன், நீ முன் சீட்டில் போய் மோதினாய். புருவத்துக்கு மேல் ஆறு தையல். டாக்டரிடமும் சொந்தக்காரர்களிடமும் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "ஒரு இடத்துல உட்கார மாட்டா, குதிச்சுக்கிட்டே வந்தா" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

நீ குதிக்கவில்லை. கிளம்பும்போதே பெல்ட்டை இழுத்துப் பார்த்து, "அப்பா, வரமாட்டேங்குது" என்றாய். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று வண்டியை எடுத்தேன். அதற்குப் பிறகும் ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பாய். சரிசெய்தால் கெட்டிருந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே. அதனால்தான் அந்த உறையைத் தைத்து மூடினேன். நான் செய்த வேலைகளிலேயே மிக நேர்த்தியான தையல் அதுதான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் இறங்கி, கருவியை எடுத்து, பெல்ட்டின் முனையைப் பிடித்திருந்த கீழ் போல்ட்டைத் திருகினாள். முதலில் இறுக்கினாள். தெரியாமல்தான் இறுக்கினாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது எல்லாம் சரி. வண்டியின் வருடத்தைச் சொல்லி, பக்கிளோடு சேர்ந்த சரியான பெல்ட்டை வாங்கி வந்தேன். மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து, அவர் பக்கத்தில் இருந்து பார்க்க, நானே மாட்டினேன். வலப்பக்க பெல்ட்டையும் சோதித்தாயிற்று. பிறகு பத்துக் கிலோ அரிசி மூட்டையை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நம் தெருவில் ஓட்டிப்போய் நான்கு தடவை சடாரென்று பிரேக் போட்டேன். மூட்டை அசையவில்லை. என் கண்ணாடிதான் பறந்தது. எதிர்வீட்டு அம்மா, மூட்டைக்கு ஏதாவது வேண்டுதலா என்று உன் அம்மாவிடம் விசாரித்தாராம்.

நீங்கள் வரும் ரயில் எது என்று எழுது. ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். ஏறுவதற்கு முன்னால் நீயே இழுத்துப் பார், மாட்டிப் பார், அவிழ்த்துப் பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார், நான் அவசரப்படுத்த மாட்டேன். அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் தயங்காமல் ஒரு டாக்சி கூப்பிட்டுக்கொள். நான் உன் பைகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே மெதுவாக வருகிறேன்.

வந்தால் போதும், பாப்பா. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா