ட வரிசையில் தொடங்கியது

ஜூன் 14
கோத்ரூடில் ஒரு புதுமனை புகுவிழா. மழையில் ரிக்ஷா கிடைக்காமல் நானும் ஸுலபாதாயியும் தொப்பலாக நனைந்துபோனோம். பூஜை நன்றாகவே நடந்தது. இரண்டு பெண்கள் புரோகிதம் செய்வதைப் பார்த்து முதலில் முகம் சுளித்த அந்த வீட்டு மாமியார்தான் கடைசியில் அதிகமாக அவல் போஹா பரிமாறினாள்.

திரும்பும்போது தாயி கேட்டாள்: "ம்ருணாள், உனக்குப் பல் வலியா?"
"இல்லையே."
"ரெண்டு தடவை கனபதின்னு சொன்னே."

சிரித்துவிட்டேன். என்னைவிட மூத்தவள், அக்கா என்ற அர்த்தத்தில் தாயி என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனாலும் இத்தனை வருஷமாக அவள் உச்சரிப்பைத் திருத்துகிறவள் நான். பழிவாங்க நேரம் பார்த்திருப்பாள்!

ஜூன் 15
கண்ணாடி முன்னால் நின்று சொன்னேன். கணபதி. கணபதி. சரியாகத்தான் வருகிறது.

ஜூன் 29
மெதுவாகச் சொன்னால் வருகிறது. மந்திர வேகத்தில் வரவில்லை.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு சமஸ்கிருத எழுத்துகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். க வரிசை, ச வரிசை, தடையில்லை. ட வரிசையில் நாக்கின் நுனி மேலே மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். கிளம்புகிறது, பாதி வழியில் விழுந்துவிடுகிறது. த, ப திரும்பவும் சரி. பிறகு காகிதத்தில் ட முதல் ண வரை அந்த ஐந்து எழுத்தையும் எழுதினேன். வளைவு பிசகவில்லை, மேல்கோடு நேராக இருக்கிறது. கைக்குத் தெரிவது நாக்குக்கு எப்படி மறந்துபோகும்?

ஜூலை 20
பல் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நன்றாகத் தூங்கச் சொன்னார்.

செப்டம்பர் 7
சதுர்த்தி. அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளையார் பிரதிஷ்டை. எழுதவே கை கூசுகிறது.

ட வரிசை மட்டுமில்லை இப்போது. ப-வுக்கு உதடு சேர்கிறது, காற்று மூக்கு வழியாகப் போய்விடுகிறது. கணபதி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கனமதி என்று வந்தது. மைக் வேறு.

முன்வரிசைப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சாமி பேரையாவது ஒழுங்கா சொல்லுங்கம்மா. காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?"

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை. போதுமான பேர்.

தாயி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நான் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் பூ எடுத்து வைத்தேன். அறுகம்புல் எடுத்து வைத்தேன். தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 9
மோதகம் தொண்டையில் சிக்கியது. என் கணவர் ஹேமந்த் முதுகில் தட்டினார். தட்டில் மிச்சமிருந்த மோதகங்களை அவர் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 4
நரம்பு டாக்டர் சின்னப் பெண். நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்தாள். எதிரே கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் நானும் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில், தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிறது. நான் அசைக்கவில்லை. தானாக.

"ப-ப-ப சொல்லுங்க. இப்போ த-த-த. க-க-க."

உதடு, பல், தொண்டை. வாய்க்குள் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்க்கிறாள். புரோகித வகுப்பில் நான் எடுக்கும் முதல் பாடம். எனக்கே எடுக்கிறாள்.

சொல்ல வேண்டியதை ஹேமந்திடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவளுக்கு அது புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நரம்பு நோய்ம்மா. நாக்குல ஆரம்பிச்சிருக்கு. நிறுத்த மருந்து இல்ல, கொஞ்சம் மெதுவாக்கலாம். பேச்சு போகும். அப்புறம் விழுங்குறது. அப்புறம் கை, கால்."
"மூச்சு?"
மேஜையைப் பார்த்தாள். "அதுவும்தான்."

அக்டோபர் 5
க வரிசை இன்னும் இருக்கிறது.

நவம்பர் 10
தாயி வந்தாள். அவள் மகள் கேதகிக்கு அடுத்த மாதம் கல்யாணம். நடத்திவைக்கிறேன் என்று எப்போதோ வாக்குக் கொடுத்தவள் நான். "வேற ஆளைப் பாரு" என்றேன்.

"பாக்க மாட்டேன்."
"ஒலி பிசகினா அது மந்திரமே இல்ல, தாயி."
"அப்போ நீ சொல்லாதே. நான் சொல்றேன். நீ கைவேலையைப் பாரு."
"பொண்ணோட அம்மாவே மந்திரம் சொல்வாளா?"
"யாருடி தடுக்கிறது? நீயா?"

என்னை இதுவரை டி போட்டுப் பேசியதில்லை. அழுகை வந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை. துக்கம் போன பிறகும் அழுகை போகவில்லை, அதுவும் என் வசத்தில் இல்லை போலிருக்கிறது. தாயி பயந்துபோய் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 12
கல்யாணம் முடிந்தது.

கேதகியின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்கும் இடம் வரைக்கும் தாயி பிசகாமல் சொன்னாள். அங்கே குரல் உடைந்துவிட்டது. பெற்றவள்தானே. நான் யோசிக்கவில்லை, பழக்கம், வாய் திறந்து அந்த வரியைச் சொன்னேன். வெறும் ஆ, இ, ஓ. மெய்யெழுத்து ஒன்றுகூட இல்லை. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. ஐயோ, ஏன் வாய் திறந்தேன்?

கேதகி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் இழுத்த இழுப்பின் மேலேயே அந்த வரியை முழுசாகச் சொன்னாள். என் உயிருக்கு அவள் மெய் வைத்தாள். ண-வும் ஷ-வும் அவ்வளவு சுத்தம். அடுத்த வரியும் அப்படியே. தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வரும்வரை நாங்கள் இருவரும் சொன்னோம்.

ஜனவரி 18
வயிற்றில் சாப்பாட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். ஹேமந்த் காலையில் இரண்டு கப் டீ போடுகிறார். ஒன்றைத் தொட்டியில் ஊற்றுகிறார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு.

ஜனவரி 27
தாயி வந்தாள். அவளே பேசினாள். தனியாகச் சொன்னால் வந்துகொண்டிருந்த க-வும் போய்விட்டது என்று எழுதிக் காட்டினேன்.

பிப்ரவரி 9
பேனா நழுவுகிறது. கொஞ்சம்தான் எழுத முடியும்.

ஹேமந்த் ஒரு பெரிய அட்டையில் மெய்யெழுத்துகளை வரிசைப்படி எழுதிக் கொண்டுவந்தார். நான் விரல் வைப்பதை அவர் வாசிக்க வேண்டும். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார், தலையணை, குழாய், ஜன்னல் என்று.

ப வரிசையில் மூன்றாவது எழுத்தைத் தொட்டேன். பிறகு ஸ.

"பஸ்" என்று மராத்தியில் வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது. "போதும்ங்கிறியா? என்ன போதும், ம்ருணா? எல்லாமே போதுமா?"

கடைசியில் ஒரு ஆ சேர்க்க வேண்டும். அட்டையில் அதற்கு எழுத்து இல்லை. நாற்காலியைக் காட்டினேன்.

"பஸா... உட்காரச் சொல்றியா?" என்றார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.