பெட்டிக்குள் போன ஸ்பீக்கர்

மார்ச் 4, செவ்வாய். இர்விங், மகன் வீடு.
காற்று, கண்ணெல்லாம் புழுதி. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது.
பேரன் இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில். மாசம் நிறையுமுன் பிறந்தவன். எடை ஏறினால்தான் வீடு. பால் போகிறது, எடை நிற்கிறது.
இன்று அவன் தலைமேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறான் என்று அளந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! நாகர்கோவில் நர்ஸ் மெர்சிதான் விளக்கினாள்.
"ஒரு தடவதான் தாத்தா. இதயம் இவ்வளவு துடிச்சா இவ்வளவு ஆக்சிஜன்னு இவனுக்கு ஒரு கணக்கு கெடச்சிரும். அப்புறம் மூடி வேண்டாம். துடிப்பப் பாத்தே தோராயமா சொல்லிரலாம்."
துடிப்பு ஏறினால் குடித்த பால் அதிலேயே எரிந்துபோகுமாம். சரி, அளக்கட்டும்.

மார்ச் 5, புதன்.
ரசத்தில் உப்பில்லை.
சாயங்காலம் ஜெபம். ஃபிரிஸ்கோவிலிருந்து சபைப் பிரதர், போனில். மகன் செல்வின் ஸ்பீக்கரைப் போட்டுப் பெட்டிக்குள்ளேயே நீட்டுகிறான். தினமும் இதுதான். இவன் கல்யாணப் பேச்சில் "அவரு படிக்காதவரு, பேசவிடாதீங்க" என்று என்னைச் சொன்ன அதே பிரதரின் தொண்டை.
பிள்ளை கைகாலை உதறியது. திரையில் துடிப்பு ஏறிற்று. தினமும் இந்நேரம் ஏறுகிறது, சத்தம் வேண்டாம் என்றாள் மெர்சி.
"ப்ரேயர கட் பண்ணா பிரதர் தப்பா நெனப்பாருப்பா," என்றான் செல்வின்.
நினைக்கட்டும். ஆமென் வருமுன்னே பிடுங்கி அணைத்தேன்.
மருமகள் ரோஸி அழுதாள். "ஜெபத்த நிறுத்தி பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மாமா?"

மார்ச் 6, வியாழன்.
வெயில். வாங்க வேண்டியது: முதுகுத் தைலம், சாக்ஸ்.
எடை ஏறவில்லை. குறையவும் இல்லை. ஒரு நாளில் தெரியாது என்கிறாள் மெர்சி. வீட்டில் எவன் கேட்கிறான்?
ஒரு குடும்பத்தில் ஜெபத்துக்குத் தடை என்று பிரதர் சபை வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். செல்வின் என் முகம் பாராமல் வாசித்துக் காட்டினான். என் பேரையே போட்டிருக்கலாமே, தைரியம் இருந்தால். நானும் ஜெபிக்கிறவன்தான். கர்த்தருக்கு ஸ்பீக்கர் எதற்கு?

மார்ச் 7, வெள்ளி.
தூறல். முதுகு வலி.
மறுபடி போன். செல்வின் எடுத்தான், உள்ளே நீட்டினான். நான் கை நீட்டினேன். தரவில்லை. பிரதர் குரல் உயர்ந்தது. பிள்ளை முகம் சுளித்தது.
ரோஸி திரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். செல்வின் கையிலிருந்து போனை வாங்கினாள்.
"துடிப்பு ஏறுதுங்க," என்றாள். அணைத்துவிட்டாள்.
இருவருக்கும் என்னோடு இன்னும் பேச்சில்லை. பேசாமலே இருக்கட்டும். பிள்ளை தூங்குகிறது.