சோப்பு வாசனை அடித்த டியூப்

17.5.2005, செவ்வாய்

குடிதண்ணீர் டிரம்மிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் இறக்க, கொழுந்தனார் காலையில் ஒரு பிளாஸ்டிக் டியூப் கொண்டுவந்து போட்டார். மஞ்சளாக, விறைப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை. புது டியூப்பை யார் சோப்பு போட்டுக் கழுவுவார்கள்?

"நம்ம உப்பளத்து இன்ஜின்ல டீசல் போற டியூப்பா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் அண்ணி! பஜார்ல இப்பதான் வாங்கியாந்தேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் உப்பளத்துக்கே போய்ப் பார்த்தேன். தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினில் புது டியூப் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

வந்ததும் டிரம்மைக் கவிழ்த்துவிட்டேன். ஆனால் மத்தியானம் அவர் பேச்சை நம்பி, அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தேன்.

இப்போது தூங்குகிறாள். வாயருகே குனிந்து மோந்தேன். பால் வாசனைதான் வருகிறது. இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.